பரிபூரணம் வீட்டுக்கு வந்த மொட்டைக்கழுத்துக் கோழி

ஏட்டி பெர்சி, காலை நீட்டிப் படு. போர்வைய வாயில வச்சுக் கடிக்காத, அது என்ன முறுக்கா? உங்க அம்மா ஆஸ்பத்திரிக்கு நைட் டூட்டிக்குப் போயாச்சு. விடிஞ்சுதான் வருவா. நீ கதவையே பாத்துக்கிட்டுக் கெடந்தா அவ சீக்கிரம் வந்துரப் போறாளா? இந்தப் பக்கம் திரும்பு. அத்தை கதை சொல்லுதேன். 'ம்' சொல்லிக்கிட்டே கேக்கணும், சரியா?

“ம்.”

ஒரு ஊர்ல ஒரு... ராஜா எல்லாம் இல்லட்டி. ராஜா கதை உங்க அம்மா வந்து சொல்லுவா. என் கதையில ஒரு ஊர்ல ஒரு ஓட்டு வீடுதான். அதுவும் ஊருக்குள்ள இல்ல. ஊரு முடிஞ்சு, குளத்தங்கரை தாண்டி, பனங்காட்டுக்குப் போற வழியில ஒத்தையா நிக்கும். அந்த வீட்ல பரிபூரணம்னு ஒரு பொம்பள இருந்தா. வீட்ல அவளும் சுவத்துல ஒரு பல்லியும்தான்.

“மாமா இல்லையா?”

இருந்தாரு. நல்ல மனுஷன். ஆண்டவர் சீக்கிரமே கூப்பிட்டுக்கிட்டாரு. புள்ளைங்களும் இல்ல. குறுக்க குறுக்கக் கேக்காத, நானே சொல்லுவேன்.

அந்த ஊரு நம்ம ஊரு மாதிரிதான். எல்லாரும் வேதக்கோவிலுக்குப் போற சனம். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம் கோவில் மணி அடிக்கும். டாங்... டாங்... டாங்... அடிச்சதும் வீட்டுக்கு வீடு பாயைப் போட்டு ஜெபத்துக்கு உக்காந்துருவாவ. அப்பா ஜெபம் பண்ணுவாரு, அம்மா பாட்டு எடுத்துக் குடுப்பா, சின்னது தூங்கி விழும், பெருசு அதைக் கிள்ளும், 'ஆ'ன்னு ஒரு அலறல் கேக்கும், அம்மா கண்ணை மூடிக்கிட்டே ரெண்டு பேர் முதுகுலயும் ஒண்ணு வைப்பா. அந்தச் சத்தமெல்லாம் குளத்துத் தண்ணிக்கு மேல மெதுவா வந்து பரிபூரணம் வீட்டுல கேக்கும்.

அப்போ அவளும் பாயைப் போடுவா. பெரிய பாய், கல்யாணத்துக்கு வாங்கினது. அதுல ஒரு ஓரமா உக்காருவா. ஏன் நடுவுல உக்கார மாட்டான்னா, நடுவுல உக்காந்தா பாய் ரொம்பப் பெருசாத் தெரியும்லா. அப்புறம் பாட்டு. பாட்டுல ஆம்பளைங்க பாடற வரி வந்தா தொண்டையக் கட்டையாக்கி அதையும் அவளே பாடுவா. அப்புறம் ஜெபம். ஒத்தை ஆளுக்கு என்ன பெருசா கேக்க இருக்கு? “ஆண்டவரே, யாரையாச்சும் அனுப்பும். மனுஷங்களுக்கு நேரமில்லைன்னா ஒரு தூதனையாவது அனுப்பும்.” அவ்வளவுதான். ஜெபம் முடிஞ்சிரும். சுவத்துல இருந்து பல்லி, 'ச்சு ச்சு ச்சு'ங்கும். ஐயோ பாவம்னு சொல்லுத மாதிரியே இருக்கும். அவளுக்கு அதுல கொஞ்சம் கோவம் வரும்.

“ம்.”

ஒரு நாள் சாயங்காலம் இப்படித்தான் ஜெபம் பண்ணி முடிச்சிருக்கா. அப்போ புறவாசல் சுவத்து மேல இருந்து படக்... படக்... படக்... தொம்! பாய்க்கு நடுவுல ஒண்ணு வந்து விழுந்துச்சு.

“தூதனா?”

கோழிட்டி. செவலைக் கோழி. கழுத்துல ஒரு இறகு கிடையாது, மொட்டைக்கழுத்து. செவசெவன்னு, இப்பத்தான் யாரோ வெந்நீர்ல முக்கி எடுத்த மாதிரி. 'கொக்... கொக்... கெக்கெக்கே'ன்னு இவளை ஒரு பக்கமாத் திரும்பிப் பாக்குது, அப்புறம் மறுபக்கமாத் திரும்பிப் பாக்குது.

பரிபூரணம் மேல பாத்தா. “ஆண்டவரே, நான் கேட்டது தூதன்”னா. அப்போ அவ யோசிச்சா. சிறகு இருக்கு. மேல இருந்துதான் வந்திருக்கு. “சரி. இப்போதைக்கு உம்மகிட்ட இருந்தது இதுதான் போல”ன்னு சொல்லிட்டு ஒரு கை அரிசிய அள்ளிப் போட்டா. டொக் டொக் டொக் டொக்.

நியாயமான பொம்பள அவ. மறுநாள் காலையில குளத்தங்கரையில நின்னு, “யாரு கோழிம்மா? யாரு கோழி?”ன்னு கத்திக் கேட்டா. அங்க யாரு இருக்கா? பனையோலைதான் 'சர சர சர'ங்குது. பின்ன என்ன செய்ய? திரும்பி வந்துட்டா. கோழியும் அவ பின்னாலேயே குடுகுடுன்னு வந்துச்சு.

அப்புறம் அவளுக்கு என்ன வேணும்? பேச ஆள் கெடச்சாச்சு. “ஏ வந்தவளே, இன்னைக்குக் கொழம்புல உப்பு பத்தல”ம்பா. கோழி 'கொக்'குங்கும். “வந்தவளே, மேகம் கட்டிக்கிட்டு வருது, மழை வருமாட்டி?”ம்பா. 'கொக் கொக்.' சாயங்காலம் பாயில அவ ஒரு ஓரம் உக்காருவா, கோழி அந்த ஓரம் உக்காரும். நல்ல கேக்குற கோழி. கழுத்தைச் சாச்சு, கண்ணைப் பாதி மூடிக்கிட்டு, கடைசி வரைக்கும் கேக்கும். ஒரு நாள் முட்டையும் போட்டுச்சு. அன்னைக்குப் பரிபூரணம் அழுதுட்டா. முட்டைக்கு யாராவது அழுவாங்களா? அவ அழுதா.

“முட்டைய சாப்பிட்டாளா?”

பொறுட்டி. அங்கதான் வருது வினை.

அந்த வாரம் ஞாயித்துக்கிழமை பரிபூரணத்துக்கு மேலுக்கு முடியல. காய்ச்சல். கோவிலுக்குப் போக முடியல. கட்டிலுக்குக் கீழ கோழிய வச்சுக்கிட்டுப் படுத்துக் கெடந்தா. யாராவது வந்து, 'ஏளா, இன்னைக்கு உன்னைக் கோவில்ல காணலையே'ன்னு கேப்பாவன்னு சாயங்காலம் வரைக்கும் வாசலப் பாத்தா. யாரும் வரல. நாம வரலைன்னு நம்மளைத் தவிர யாருக்கும் தெரியலையேன்னு நினைச்சா பாரு, அது காய்ச்சலை விடக் கஷ்டமா இருந்துச்சு அவளுக்கு.

“ம்.”

ஆனா அன்னைக்குக் கோவில்ல என்ன நடந்துச்சு தெரியுமா? ஊர்ல ஞானப்பூன்னு ஒருத்தி. நடுத்தெருவுல மாடி வீடு. மகன், மருமக, பேரன் பேத்தின்னு வீடு நிறைய ஆளு, புறவாசல் நிறையக் கோழி. பேருல பூ இருக்கே தவிர வாயில முள்ளுதான். அவ வாயத் தொறந்தா தெருவுல போற நாய் ஓரமாப் போகும். அந்த ஞானப்பூ அன்னைக்கு ஜெபக்குறிப்பு எழுதிக் குடுத்திருந்தா. போதகர் ஐயா வாசிச்சாவ: “ஞானப்பூ அம்மாளின் காணாமல் போன மொட்டைக்கழுத்துக் கோழி கிடைக்கும்படியாக ஜெபிப்போம்.” சபையே எந்திரிச்சு நின்னு ஒரு கோழிக்காக ஜெபம் பண்ணுச்சு. பரிபூரணம்தான் அங்க இல்லையே. அவளுக்குத் தெரியாது.

அடுத்த ஞாயித்துக்கிழமை காய்ச்சல் விட்டுருச்சு. பரிபூரணம் குளிச்சு, வெள்ளைச் சேலை கட்டி, ஓலைப்பெட்டியில வைக்கோல் போட்டு முட்டையெல்லாம் அடுக்கி எடுத்துட்டுப் போனா. எதுக்கு? ஆண்டவருக்கு நன்றி சொல்லுத ஸ்தோத்திரக் காணிக்கைக்கு. நம்ம கோவில்லயும் வாசிப்பாவல்லா? பிறந்தநாளுக்காக இன்னார், மாடு கன்னு போட்டதுக்காக இன்னார், புது பைக் வாங்கினதுக்காக இன்னார்னு. வருஷக்கணக்கா எல்லாரு பேரையும் கேட்டுக்கிட்டே உக்காந்திருக்கா பரிபூரணம். அவ பேரு வந்ததே இல்ல. அவ வீட்ல ஸ்தோத்திரம் பண்ற மாதிரி எதுவும் நடந்தாத்தானே? இப்ப நடந்திருக்கு. ஒரு துண்டுக் காகிதத்துல எழுதிப் பெட்டி மேல வச்சுட்டு, பொம்பளைங்க பக்கத்துல கடைசி வரிசையில உக்காந்துட்டா.

அன்னைக்குப் பிரசங்கம் என்ன தெரியுமா? பக்கத்துல உள்ளவங்கள நம்மளைப் போலவே நேசிக்கணும்னு. ஞானப்பூ முன் வரிசையில உக்காந்து தலையாட்டு தலையாட்டுன்னு ஆட்டிக்கிட்டுக் கேட்டா.

பிரசங்கம் முடிஞ்சுது. போதகர் ஐயா காகிதத்தையெல்லாம் எடுத்து மூச்சு விடாம வாசிச்சுக்கிட்டே வாறாவ. அதே வேகத்துல, “தன் வீட்டுக்குத் தானாகவே வந்து முட்டையிட்ட மொட்டைக்கழுத்துக் கோழிக்காகப் பரிபூரணம் அம்மாள் ஸ்தோத்திரக் காணிக்கை...”

“அது என் கோழி!”

யாரு? ஞானப்பூதான். எந்திரிச்சு நிக்கா. “ஐயா, அது என் கோழி! போன வாரம் நான் ஜெபக்குறிப்பு குடுத்த கோழி! களவாண்ட கோழிக்கு ஸ்தோத்திரமா?”

அப்புறம் பின்னால யாரோ ஒருத்தன் 'புர்ர்'னு சிரிச்சான். அவ்வளவுதான், ஆம்பளைங்க பக்கம், பொம்பளைங்க பக்கம், பாட்டுக் குழு, எல்லாரும் சிரிக்க ஆரம்பிச்சுட்டாவ. போதகர் ஐயா பாவம், கையில இருந்த காகிதத்தையும் ஞானப்பூவையும் மாறி மாறிப் பாக்காவ. ஒருத்தி அனுப்பும்னு கேட்டிருக்கா, ஒருத்தி திருப்பித் தாரும்னு கேட்டிருக்கா, கோழி ஒண்ணுதான் இருக்கு. ஆண்டவர் பாடே திண்டாட்டம்னா ஐயா என்ன செய்வாவ? “பாட்டுப் பாடுவோம்”னுட்டாவ.

ஏ, சிரிக்கியா நீ? சிரி சிரி. நானும் சிரிப்பேன். ஆனா பரிபூரணத்தை நினைச்சுப் பாரு. வாழ்நாள்ல ஒரு தடவை பேரை வாசிச்சாவ. அதுவும் இப்படி. அவ தலைய முட்டிக்குள்ள வச்சுக்கிட்டா.

“அப்புறம்?”

அப்புறம் கோவில் விட்டதும் நேரா வீட்டுக்குப் போனா. கோழியத் தூக்கி இடுப்புல வச்சா. அன்னைக்கு அது போட்டிருந்த முட்டையையும் எடுத்துக்கிட்டா. நடுத்தெரு வழியா ஞானப்பூ வீட்டுக்கு நடந்தா. தெருவுல சிறுசுங்க, “கோழி ஸ்தோத்திரம் போகுது! கோழி ஸ்தோத்திரம்!”னு கூப்பாடு போடுதுங்க. அவ காதுல வாங்காத மாதிரி போனா. ஞானப்பூ வீட்டு வாசல்ல நின்னா, உள்ள டிவி அலறுது, புள்ளைங்க ஓடுதுங்க, மிக்ஸி சுத்துது, 'எத்தனை சத்தம், குடுத்து வச்சவ'ன்னு நினைச்சா பரிபூரணம். “மைனி, எனக்குத் தெரியாது மைனி, ஆண்டவர் அனுப்பினதுன்னு நினைச்சுட்டேன்”னா. “ஆண்டவருக்கு என் கோழிதான் கெடச்சுதா?”ன்னு ஞானப்பூ வெடுக்குன்னு புடுங்கிக்கிட்டா.

பரிபூரணம் திரும்பி வந்தா. சாயங்காலம் மணி அடிச்சுது. பாயைப் போட்டா. பாட்டு வரல. அந்தக் கோழி வாறதுக்கு முன்னால இருந்த ஒத்தைக்கும் இப்ப இருக்குற ஒத்தைக்கும் நிறைய வித்தியாசம் இருந்துச்சு. முன்னாடியாவது பழகிப் போயிருந்துச்சு.

“ம்...”

தூக்கம் வருதோ? இன்னும் இருக்குட்டி. முக்கியமான இடமே இனிமேத்தான்.

ஞானப்பூ கோழி கால்ல கயிறு கட்டி, கொய்யா மரத்துல கட்டிப் போட்டா. மறுநாள் சாயங்காலம், படக் படக் படக், தொம்! பரிபூரணம் வீட்டுப் பாய் நடுவுல கோழி. கால்ல அரைமுழம் கயிறு தொங்குது. பரிபூரணத்துக்கு ஒரு பக்கம் சந்தோஷம், மறுபக்கம் உதறல். “ஏ வந்தவளே, போயிரு. என்னைக் கள்ளின்னு சொல்லுதாங்க. போயிருட்டி”ங்கா. கோழி 'கொக்'குன்னு சொல்லிட்டு உக்காந்துக்கிச்சு. அப்போ வேலிக்கு வெளிய, “ஏளா பரிபூரணம்! என் கோழி எங்களா?”ன்னு சத்தம். ஞானப்பூ! வேலிக்குள்ள கால் வைக்கல. அங்கன நின்னுக்கிட்டே வாய் ஓயுற வரைக்கும் ஏசினா, கோழிய வாங்கிட்டுப் போயிட்டா.

இந்தத் தடவ சிறகை வெட்டி விட்டா. “இனி எப்படிப் பறக்கும்னு பாக்கேன்”னா. கோழி பறக்கல. நடந்து வந்துச்சு. நடுத்தெரு, கோவில் தெரு, குளத்தங்கரைன்னு ஊரே பாக்க 'டுக்கு டுக்கு டுக்கு'ன்னு கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி நடந்து வந்துச்சு. பின்னாலேயே ஞானப்பூவும் வந்தா. மூட்டுவலிக்காரி, ஒரு கையால முழங்காலைப் புடிச்சுக்கிட்டு 'ஸ்ஸ்... ஆ... ஸ்ஸ்... ஆ'ன்னு வாறா. வேலி தாண்டி, படியேறி, முன் அறை வரைக்கும் வந்துட்டா. பரிபூரணம் ஒரு செம்புத் தண்ணி குடுத்தா. ஞானப்பூ குடிச்சுட்டு, “கோழிக்கு என்ன வச்சிருக்க? வசியமா?”ன்னு கேட்டுட்டு, கோழியத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. ஆனா அன்னைக்கு ஏச்சு கொஞ்சம் குறைச்சல்தான். மூச்சு வாங்கினா எங்க ஏச?

மூணாவது தடவ பஞ்சாரத்தைப் போட்டுக் கவுத்தா. கோழி மூடுற கூடைட்டி, மூங்கில்ல இருக்குமே. அதுக்கு மேல ஒரு அம்மிக்கல்லைத் தூக்கி வச்சா. “இப்ப வா பாப்போம்”னா.

அந்தக் கோழி உள்ள இருந்துக்கிட்டு, கல்லு எல்லாம் தூக்கலட்டி. சும்மா கீழ மண்ணைக் கெளறுச்சு. பறக் பறக் பறக். கோழிக்குத் தெரிஞ்சது அதுதானே? காலையில இருந்து கெளறிக் கெளறி, சாயங்காலம் ஒரு குழி விழுந்துச்சு. அந்தப் பக்கம் மொட்டைக்கழுத்து வெளிய வந்துச்சு.

“தப்பிச்சிருச்சா?”

தப்பிச்சிருச்சு. வந்துருச்சு. எங்க வரும்? அங்கதான்.

அன்னைக்குப் பரிபூரணம் வாசக் கதவை அடைக்கக்கூட மறந்துட்டா. பாயில உக்காந்து மெதுவாப் பாடிக்கிட்டு இருக்கா, கோழி மடியில தூங்குது. ஏதோ நிழல் தட்டுதேன்னு நிமிந்து பாத்தா, அறைக்குள்ள, பாய்க்குப் பக்கத்துல, கையில கயித்தோட ஞானப்பூ நிக்கா. எப்ப வந்தா, எவ்வளவு நேரமா நிக்கான்னு தெரியல. பரிபூரணம் சட்டுன்னு கோழிய ரெண்டு கையாலயும் தூக்கி நீட்டினா.

“மைனி, நான் கூப்பிடல. சத்தியமாக் கூப்பிடல. இனிமே கோவிலுக்கும் வரல மைனி. இது வந்தாக் கதவை அடைச்சிருதேன். என்னைக் கள்ளின்னு மட்டும் சொல்லாதீங்க.”

ஞானப்பூ கோழிய வாங்கல. ஏசவும் இல்ல. ஏசலைன்னா பாரு! பரிபூரணத்துக்கு அது இன்னும் பயமா இருந்துச்சு.

அப்போ ஞானப்பூ கேக்கா, “நீ அதுகிட்ட என்னதான்ளா செய்யுத?”

“ஒண்ணும் செய்யல மைனி. பேசுவேன்.”

“என்ன பேசுவ?”

“பெருசா ஒண்ணும் இல்ல. உப்பு பத்தலைம்பேன். மழை வரும் போலம்பேன்.”

“கேக்குமா?”

“கழுத்தைச் சாச்சுக்கிட்டுக் கேக்கும்.”

ஞானப்பூ கோழியக் குனிஞ்சு பாத்தா. அப்புறம் சொன்னா, “நான் பேச ஆரம்பிச்சா எங்க வீட்ல நாற்காலிகூட எந்திரிச்சுப் போயிரும்ளா. மகன் போனை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போவான். மருமக டிவி சத்தத்தைக் கூட்டுவா. புள்ளைங்க காதுல எதையோ மாட்டிக்கும். ஜெபத்துக்கு மணி அடிச்சா நான் மட்டும் எந்திரிப்பேன், ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. கத்திப் பாத்தேன். இன்னும் கத்திப் பாத்தேன். இப்பக் கோழியும் போயிருச்சு.”

நீ கேளு பெர்சி. நம்ம ஆண்டவருக்கு நம்மளைப் பத்தி நல்லாத் தெரியும். 'ஏ ஞானப்பூ, குளத்தங்கரை வீட்ல ஒருத்தி தனியாக் கெடக்கா, போய்ப் பாரு'ன்னு அவர் சொல்லிக்கிட்டேதான் இருக்காரு, வாரா வாரம் பிரசங்கத்துல. யாரு போறா? தலையாட்டிட்டு வீட்டுக்குப் போயிருவோம். நம்ம கோழி ஒண்ணு அங்க போச்சுன்னு வச்சுக்கோ, மூட்டுவலியோட ஓடுவோம். அதான் அவர் கோழிய அனுப்பினாரு. எனக்கு அப்படித்தான் தோணுது. போதகர் ஐயா வேற மாதிரி சொல்லுவாவளோ என்னவோ.

“ம்...”

அப்புறம் ஞானப்பூ கயித்தைக் கீழ போட்டா. “கோழிய நீயே வச்சுக்கோ”ன்னா. போவான்னு பாத்தா, போகல. சேலை முந்தானைய முறுக்கிக்கிட்டே நிக்கா. அப்புறம் தலையக் குனிஞ்சு, சின்னப்புள்ள மாதிரி, “நான் கொஞ்ச நேரம் உக்காந்துக்கட்டுமா?”ன்னு கேட்டா.

பரிபூரணம் எத்தனை வருஷமாக் கேட்டது. பாயில இருந்த கடுகளவு தூசியத் தட்டித் தட்டித் தட்டி விட்டா. ஞானப்பூ 'ஸ்ஸ்... ஆ'ன்னு முழங்காலை மடக்கி உக்காந்து, சுவத்துல சாஞ்சுக்கிட்டா. “நீ ஜெபம் பண்ணு. நான் கேட்டுட்டுப் போயிருதேன்”னா.

பரிபூரணம் கண்ணை மூடினா. “ஆண்டவரே, ஞானப்பூ மைனியக் கூட்டிட்டு வந்ததுக்கு ஸ்தோத்திரம். அவங்க மூட்டுவலி சரியாகணும்...” அவ்வளவுதான். அதுக்கு மேல அவளுக்குக் கேக்க ஒண்ணும் இல்ல. கேட்டதுதான் வந்து உக்காந்திருக்கே. முடிச்சிரலாம்னு வாயெடுத்தா. அப்போ ஒரு சத்தம்.

கொர்ர்ர்ர்...

ஒத்தைக் கண்ணைத் தொறந்து பாத்தா. ஞானப்பூ தூங்கிட்டா. வாயைத் தொறந்துக்கிட்டு, தலை ஒரு பக்கமாச் சாஞ்சு, நல்ல தூக்கம். ஊரே பயப்படுற அந்த வாய் பச்சைப்புள்ள வாய் மாதிரி தொறந்து கெடக்கு. அவ வீட்டுச் சத்தத்துல எத்தனை நாள் தூங்காம இருந்தாளோ. கோழி எந்திரிச்சுப் போயி அவ கால் பக்கத்துல படுத்துக்கிச்சு.

இப்பப் பரிபூரணம் யோசிச்சா. ஆமென்னு சொன்னா ஜெபம் முடிஞ்சிரும். ஜெபம் முடிஞ்சாச் சத்தம் நிக்கும். சத்தம் நின்னா இவ முழிச்சுக்குவா. முழிச்சா எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவா.

அவ ஆமென் சொல்லல.

குரலை நல்லாத் தாழ்த்திக்கிட்டு மேல மேல ஜெபம் பண்ணினா. “ஆண்டவரே, மைனி மகனுக்காக. மருமகளுக்காக. அந்த டிவிக்காகவும் ஸ்தோத்திரம், அது இல்லைன்னா இவங்க இங்க வந்திருக்க மாட்டாங்க. குளத்துத் தண்ணிக்காக. போதகர் ஐயா ஸ்கூட்டர் ஒரே உதையில ஸ்டார்ட் ஆகணும். சுவத்துல இருக்குற பல்லிக்காக...” எல்லாம் தீந்து போச்சு. அப்புறம் என்ன செய்வா? ஊருக்குள்ள போயிட்டா. கோவிலுக்குப் பக்கத்துல முதல் வீடு. “தச்சு வேலை பாக்குற மாசிலாமணி அண்ணன் வீட்டுக்காக. அவர் மகளுக்கு நல்ல எடம் அமையணும்.” அடுத்த வீடு. “எஸ்தர் வீட்டுக்காக. அவ மாடு ரெண்டு நாளாத் தவிடு தின்னல.” அடுத்த வீடு. கோவில்ல முதல்ல 'புர்ர்'னு சிரிச்சவன் வீடு. அவனுக்காகவும் பண்ணினா. 'கோழி ஸ்தோத்திரம்'னு கத்தின சிறுசுங்க வீட்டையும் பேரு பேராச் சொன்னா. அவ காய்ச்சல்ல கெடந்தப்ப ஏன் வரலைன்னு கேக்காத அத்தனை வீடும் வந்துச்சு. ஒண்ணைக்கூட விடல. கோவத்துல ஒரு வீட்டை விட்டுட்டாலும் ஜெபம் அவ்வளவு சீக்கிரம் முடிஞ்சிரும்லா.

அதுக்கு முன்னாடி அவ அந்த வீடுகளுக்காக ஒரு நாளும் ஜெபம் பண்ணினதில்ல, பெர்சி.

...

நடுத்தெரு முடிஞ்சுது. கோவில் தெரு முடிஞ்சுது. ஞானப்பூ தூங்குதா. கோழி தூங்குது. ஊர்ல இனி மிச்சம் வீடே இல்ல. அப்போ பரிபூரணம் என்ன செஞ்சா? குளத்துக்கு அந்தப் பக்கம் உள்ள அடுத்த ஊருக்குப் போனா. அங்க அவளுக்கு யாரையும் தெரியாது. “ஆண்டவரே, இந்த ஊர்ல முதல் வீட்டுக்காக. அங்க யாரு இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும்...”

பெர்சி?

ஏட்டி?

தூங்கிட்டா. வாயப் பாரு, போர்வை ஓரம் இன்னும் வாயிலதான் இருக்கு.

நான் இந்த லைட்டை அணைச்சுட்டு அந்த ரூமுக்குப் போய்ப் படுக்கலாம். அங்க போனாலும் நான் மட்டுந்தான். இன்னும் கொஞ்ச நேரம் இங்கனயே இருக்கேன். மெதுவாத்தான் சொல்லுவேன், நீ முழிக்க வேண்டாம். ...அப்புறம் அந்த ஊர்ல ரெண்டாவது வீடு. அதுக்காகவும் பண்ணினா. அப்புறம் மூணாவது வீடு...

கதை இன்னும் முடியல கண்ணு. நீ தூங்கு.